ஊருணியே நமது அண்டா

(காரைக்குடி வட்டார மில் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சுற்றுச்சூழலைக் காக்க வேண்டும் என்ற பேச்சு இப்பொழுது எங்கு பார்த்தாலும் கேட்கிறது. பள்ளிக்கூடச் சுவரில் எழுதியிருக்கிறது. பஸ்ஸின் முதுகில் எழுதியிருக்கிறது. குழாயை மூடு, விளக்கை அணை, துணிப்பை எடு, சைக்கிளில் போ என்று புத்திமதி சொல்கிறார்கள். நல்ல புத்திமதிதான், நாம் மறுக்கவில்லை. ஆனால் யாரிடம் சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டாமா? இரண்டு குடம் தண்ணீருக்காக விடியற்காலையில் வரிசையில் நிற்கிற தாயிடம் வந்து, தண்ணீரைச் சிக்கனமாகச் செலவிடு என்கிறார்கள். முதல் ஷிப்டுக்கு எட்டு மைல் சைக்கிள் மிதிக்கிறவனிடம் சைக்கிளின் மகிமையை எடுத்துரைக்கிறார்கள்!

நம் வீடுகளில் எதுவும் வீணாவதில்லை. சேலை கிழிந்தால் பிள்ளைக்குத் தொட்டில். தொட்டில் நைந்தால் கரித்துணி. அரிசி கழுவிய தண்ணீர் மாட்டுக்குப் போகிறது. பாத்திரம் கழுவிய தண்ணீர் கொல்லை வாழைக்குப் போகிறது. இதை எந்த அறிஞரும் நமக்குக் கற்றுக் கொடுக்கவில்லை. இல்லாமை கற்றுக் கொடுத்தது. இல்லாமையைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. இந்த விஷயத்தில் பாடம் படிக்க வேண்டியவர்களின் பட்டியலில் நம் பெயர் முதலில் இல்லை என்று சொல்கிறோம்.

அப்படியானால் நாம் செய்ய வேண்டியது ஒன்றுமில்லையா? உண்டு. வீட்டுக்குள் இருக்கிற இந்தச் சிக்கனமும் கவனமும் வாசற்படி தாண்டி ஊருணிக்கும் கண்மாய்க்கும் போகவில்லை. அங்கேதான் நம் குறை இருக்கிறது. அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம்.

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளைப் பார்க்க அயல் நாடுகளிலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். 2014-ல் இந்தக் கிராமங்களை யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்த்தார்கள். அந்த வீடுகளுக்குச் சுண்ணாம்பு அரைத்ததும், மரம் தூக்கியதும் யாருடைய பாட்டன் பாட்டி என்று வருகிறவர்கள் கேட்பதில்லை. அது கிடக்கட்டும். அந்த வீட்டின் நடுவே முற்றம் இருக்கிறதே, அதைக் கவனித்திருக்கிறீர்களா? நாலு பக்கத்துக் கூரையும் முற்றத்தை நோக்கிச் சாய்ந்திருக்கும். மழை பெய்தால் மூலைத் தூம்பு வழியாக விழும் தண்ணீரை அண்டா அண்டாவாகப் பிடிப்பார்கள். மிச்சத் தண்ணீர் தெரு வாய்க்காலில் இறங்கும். தெரு வாய்க்கால் ஊருணியில் போய்ச் சேரும். ஆறில்லாத பூமியில் ஊர் கட்டியவர்கள் மழையை நம்பித்தான் கட்டினார்கள். தெருவின் சாய்மானம் கூட ஊருணியைப் பார்த்தே அமைந்திருந்தது.

இப்பொழுது நம் வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் தண்ணீர். நமது ஜில்லாவில் வருடத்துக்குச் சராசரியாக ஏறத்தாழ 900 மில்லிமீட்டர் மழை. முந்நூறு சதுர அடிக் கூரை என்றால் சுமார் 28 சதுர மீட்டர். பெருக்கிப் பாருங்கள், 25,000 லிட்டர் வரும். சிந்தியது, ஆவியானது என்று கால் பங்கைக் கழித்து விடுங்கள். மிச்சம் ஏறத்தாழப் பத்தொன்பதாயிரம் லிட்டர். ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு 25 லிட்டர் என்று வைத்தால், இரண்டு வருடத்துக்குப் போதுமான தண்ணீர் ஒரு வருடத்தில் நம் தலைக்கு மேலே விழுந்து ஓடிப் போகிறது!

2003-ல் தமிழ்நாட்டு சர்க்கார் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. நல்ல சட்டம். குழாய் மாட்டினார்கள், குழி தோண்டினார்கள். பல வீடுகளில் அந்தக் குழி மூடிப்போய் இன்று குழாய் மட்டும் சாட்சிக்கு நிற்கிறது. அதைத் தூர் எடுத்துத் திரும்பத் திறப்பது நாம் இந்த வாரமே செய்யக்கூடிய வேலை. ஆனால் ஒன்றைக் கேட்க வேண்டும். பத்தொன்பதாயிரம் லிட்டரைப் பிடித்து வைக்க நம்மிடம் பாத்திரம் எங்கே இருக்கிறது? முற்றம் வைத்த வீட்டுக்காரருக்கு அண்டா வரிசை இருந்தது. காலனி வீட்டில் பத்துக் குடமும் ஒரு பிளாஸ்டிக் டிரம்மும் இருக்கின்றன. தனி மனிதனால் பிடிக்க முடியாத மழையைப் பிடிக்கத்தான் ஊருணி இருக்கிறது. தோழர்களே, ஊருணிதான் நமது அண்டா. கண்மாய்தான் நமது களஞ்சியம். வீட்டு அண்டாவில் ஒருவன் குப்பை கொட்டினால் சும்மா இருப்போமா?

இங்கே ஒரு கசப்பான விஷயத்தையும் பேசியாக வேண்டும். ஊருணி எல்லாருக்கும் எப்போதும் பொதுவாக இருந்ததில்லை. சிவகங்கை அன்று சேர்ந்திருந்த ராமநாதபுரம் ஜில்லாவில், 1931-ல் ஆதிக்க சாதி நாட்டார்கள் ஆதி திராவிட மக்களுக்கு விதித்த தடைகளின் பட்டியல் சரித்திரத்தில் பதிவாகியிருக்கிறது. பெண்கள் செம்பு, பித்தளைக் குடங்களில் தண்ணீர் எடுக்கக் கூடாது, மண்பானையில்தான் எடுக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. சும்மாட்டுக்குத் துணி வைக்கக் கூடாது. வைக்கோல்தான் வைக்க வேண்டும்! இன்று பட்டணத்துக் கடைகளில் மண்பானையை அலங்காரமாக வைத்து, இயற்கை வாழ்வு என்று விற்கிறார்கள். மண்பானைத் தண்ணீர் நல்லதுதான். மானாமதுரையில் மண் பிசைந்து பிழைக்கும் தோழர்களுக்கு அதனால் நாலு காசு கிடைக்குமானால் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் நம் பாட்டிமாரின் இடுப்பில் அந்தப் பானையை ஏற்றியது இயற்கை மீதுள்ள ஆசை அல்ல. கண்மாயில் மண் வெட்டியவர்களும், மடையில் முங்கித் திறந்தவர்களும் அந்த மக்கள்தாம். ஊருணியைக் காப்போம் என்று இன்று நாம் சொல்லும்போது, அதன் நாலு படித்துறையும் எல்லாருக்கும் என்பதைச் சேர்த்தே சொல்கிறோம். இதில் பாதியை மட்டும் பேசுகிறவர்களோடு நமக்கு உடன்பாடு இல்லை.

ஊருணி எப்படிக் கெட்டது? குழாய்த் தண்ணீர் வந்தது. காவிரித் தண்ணீரும் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வந்தது. வந்தது நல்லதே; அதற்காக நாமே மனுக் கொடுத்திருக்கிறோம். ஆனால் குழாய் வந்த அன்றே ஊருணியை அனாதையாக விட்டோம். வரத்துக்காலில் ஒருவர் படிக்கட்டு கட்டினார், ஒருவர் சுவரை நகர்த்தினார், ஒருவர் கோழிக்கடைக் கழிவைக் கொட்டினார். பாலத்தின் கண்ணைப் பிளாஸ்டிக் பை அடைத்தது. இப்பொழுது மழை பெய்தால் தெருவில் முழங்கால் தண்ணீர்; ஊருணியில் விரிசல் விட்ட தரை. காரைக்குடி நகரம் சம்பை ஊற்றுத் தண்ணீரின் ருசியைப் பெருமையாகப் பேசும். ஊற்று என்பது யாரோ எங்கிருந்தோ அனுப்புவது அல்ல. சுற்றுப்புறத்துச் செம்மண்ணில் இறங்குகிற மழைதான் ஊற்றாக வருகிறது. மண்ணை மூடிவிட்டு, கழிவை அதில் விட்டுவிட்டு, ருசியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க முடியாது.

ஊர் கூடினால் ஒரு நீர்நிலையைக் காக்க முடியுமா என்று சந்தேகப்படுகிறவர்கள் திருப்பத்தூர்ப் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டிக்குப் போய்ப் பாருங்கள். பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடி ஆகிய மூன்று கண்மாய்களும் சேர்ந்து 1977-ல் பறவைகள் சரணாலயம் ஆயின. மழைக்காலத்தில் நாரையும், கொக்கும், அரிவாள்மூக்கனும், நீர்க்காகமும் அங்கே வந்து கூடு கட்டுகின்றன. அந்த ஊர் மக்கள் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. கல்யாணத்துக்கும் இல்லை, திருவிழாவுக்கும் இல்லை. குஞ்சுகள் பயந்து கூட்டிலிருந்து விழுந்துவிடும் என்பதே காரணம். தீபாவளிக்கு வனத்துறையார் வந்து இனிப்புக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அது ஒரு மரியாதை. இனிப்புக்காக அவர்கள் வெடியை விடவில்லை.

அது வெறும் இரக்கம் மட்டும் அல்ல என்பதையும் கவனியுங்கள். பறவை எச்சம் விழுந்த கண்மாய்த் தண்ணீர் வயலுக்கு உரம் என்று அங்குள்ள விவசாயிகள் சொல்கிறார்கள். பறவை கண்மாயை நம்பி வருகிறது. வயல் அந்தத் தண்ணீரை நம்பி இருக்கிறது. கண்மாய் வற்றிய வருடத்தில் பறவையும் குறைவு, விளைச்சலும் குறைவு. ஏழைப் பிள்ளைகளுக்கு வருடத்தில் ஒரு நாள் கிடைக்கும் மத்தாப்புச் சந்தோஷத்தை ஓர் ஊரே விட்டுக் கொடுத்திருக்கிறது. ஒரு வீடு மட்டும் விட்டிருந்தால் அதனால் என்ன பலன்? பக்கத்து வீட்டு வெடியிலேயே பறவை பறந்திருக்கும். எல்லா வீடும் சேர்ந்ததனால்தான் அது நடந்தது.

தனி மனிதப் பழக்கத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. இதே காரைக்குடிக்குப் பக்கத்தில் சிராவயலில் ஜீவானந்தம் ஆசிரமம் நடத்திக் கொண்டிருந்தபோது, 1927-ல் காந்தி அங்கே வந்து அவரைச் சந்தித்தார். அது கதர்க் காலம். கதர் வேஷ்டி கட்டுவது ஒருவனுடைய இடுப்புச் சமாச்சாரம்தான். ஆனால் லட்சக்கணக்கானவர்கள் கட்டி, அந்நியத் துணிக்கடை வாசலில் மறியலும் செய்தபோது லங்காஷயர் மில் முதலாளி கணக்குப் புத்தகத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டி வந்தது.

பிளாஸ்டிக் விஷயத்தையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை உபயோகித்து எறியும் பதினான்கு வகைப் பிளாஸ்டிக் சாமான்களுக்குத் தமிழ்நாட்டில் தடை. 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை என்ற இயக்கத்தை சர்க்கார் தொடங்கியது. இருந்தும் மில் வாசலில் கொதிக்கக் கொதிக்க டீயைப் பையில் ஊற்றிக் கட்டித் தருவது நின்றபாடில்லை. டீக்கடைக்காரர் ஏழை, அவரோடு சண்டைக்குப் போகாதீர்கள். ஒவ்வொரு ஷெட்டுக்கும் ஒரு தூக்குவாளி வாங்கி வையுங்கள். அவரே சந்தோஷமாக ஊற்றித் தருவார், அவருக்குப் பைக்காசு மிச்சம். சந்தைக்கு மஞ்சப்பை போதும். சீர் சாமானுக்கு நம் ஊர்ப் பனை ஓலைக் கொட்டான் இருக்கிறது. 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம் அது. முடைகிறவர்கள் நம் வீட்டுப் பெண்கள். கொட்டான் வேண்டுமானால் பனை வேண்டும். பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021-ல் சர்க்கார் அறிவித்திருக்கிறது. செங்கல் சூளைக்குப் பனை ஏற்றிப் போகும் லாரியைக் கண்டால் அனுமதிச் சீட்டைக் கேளுங்கள்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. அடுப்புப் பற்ற வைக்கப் பிளாஸ்டிக் பையைக் கொளுத்திப் போடுகிறோம். சீக்கிரம் பிடித்துக் கொள்கிறது என்பது உண்மைதான். ஆனால் அந்தப் புகையில் விஷம் இருக்கிறது. குனிந்து ஊதுகிறவரும் இடுப்பில் இருக்கிற குழந்தையுமே அதை முதலில் குடிக்கிறார்கள். தென்னம்பாளை இருக்கிறது, காய்ந்த ஓலை இருக்கிறது. அது போதும்.

அடுப்பு என்றதும் சீமைக் கருவேலம் ஞாபகத்துக்கு வருகிறது. ஒரு கிராமத்தில் இதைப் பற்றிப் பேசிக் கொண்டிருந்தபோது ஓர் ஆத்தா எழுந்து கேட்டார்: "ஏந் தம்பி, கருவையை வெட்டணும் வெட்டணும்கிறீக. வெட்டிப்புட்டா நான் எதை வச்சு எரிக்கிறது? வேலையில்லாத நாளையில மூட்டம் போட்டுத்தானே எங்க வீட்டுல உலை கொதிச்சுது?" கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கேட்டது நியாயம். வெள்ளைக்காரன் காலத்தில் விதை கொண்டுவந்து பரப்பிய மரம் அது. மழை பொய்த்த வருடங்களில் விறகாகவும் கரியாகவும் ஏழைக்குக் கூலி கொடுத்தது. அதே மரம் கண்மாய் உள்வாயையும் வரத்துக்காலையும் அடைத்துக் கொண்டு, வேறு எதையும் முளைக்க விடுவதில்லை. ஆடு நெற்றைத் தின்று போகிற இடமெல்லாம் விதைக்கிறது. மேலே வெட்டினால் நாலு கிளையாகத் துளிர்க்கிறது. தூரோடு பிடுங்க வேண்டும்.

2022-ல் சர்க்கார் அந்நியக் களைத் தாவரங்களை அகற்றக் கொள்கை வெளியிட்டிருக்கிறது. நாம் சொல்வது இது: முதலில் கண்மாய்க்குள்ளும் வரத்துக்காலிலும் நிற்பதை எடு. எடுக்கிற வேலையை வெளியூர்க் காண்டிராக்டரின் இயந்திரத்துக்குக் கொடுக்காமல் ஊர்த் தொழிலாளிக்குக் கொடு. விறகு விற்ற பணம் ஊர்க் கண்மாய்க்கே வரட்டும். எடுத்த இடத்தில் நாட்டுக் கருவேலும், வேம்பும், புங்கனும் வை. அது வளரும் வரை மானாவாரிப் புஞ்சையில் நிற்கிற சீமைக் கருவேலத்தில் ஆத்தா விறகு பொறுக்கட்டும். அவருடைய அடுப்பை அணைத்துவிட்டுச் செய்கிற காரியத்தை அவர் எப்படி ஆதரிப்பார்?

மில் தோழர்கள் இது கிராமத்துப் பிரச்னை என்று நினைத்துக் கொண்டிருக்கலாம். திருப்பூரை நினைத்துப் பாருங்கள். சாயக் கழிவு நொய்யலில் கலந்தது. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயத் தண்ணீர்க் குட்டையாகியது. கரையோர விவசாயியின் கிணறும் தென்னையும் கெட்டன. வழக்கு நடந்து, 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. விவசாயிக்கு நிலம் முன்பே போயிற்று. அன்று பட்டறைத் தொழிலாளிக்கு வேலையும் போயிற்று. கழிவைச் சுத்திகரிக்காமல் விட்டு மிச்சம் பிடித்த பணம் மட்டும் இரண்டு பேர் கைக்கும் வரவில்லை. ஆகவே கழிவுத் தண்ணீர் எங்கே போகிறது என்ற கேள்வி சம்பளக் கோரிக்கைக்கு அந்நியமானது அல்ல. அதே மனுவில் அடுத்த வரியில் எழுத வேண்டியது.

மில்லுக்கு உள்ளே இருக்கிற காற்றும் சுற்றுச்சூழல்தான். வார லீவு முடிந்து வேலைக்குப் போன முதல் நாள் நெஞ்சு இறுகுகிறது, மூச்சு முட்டுகிறது என்று புளோரூம், கார்டிங் தோழர்கள் சொல்வார்கள். பலர் அதை வெறும் அலுப்பு என்று நினைத்து டீ குடித்துச் சமாளிக்கிறார்கள். அது பஞ்சுத் தூசியால் வருகிற பிஸினோசிஸ் என்ற நுரையீரல் வியாதியின் அடையாளமாக இருக்கலாம். சட்டப்படி நஷ்டஈட்டுக்குரிய தொழில் வியாதி அது. டாக்டரிடம் போகும்போது எந்தப் பிரிவில் எத்தனை வருடம் வேலை என்பதைச் சொல்லி எழுதச் செய்யுங்கள். தூசி உறிஞ்சும் சாதனத்தைக் கேளுங்கள்.

கடைசியாகக் கண்மாய் வேலையைப் பற்றி. குடிமராமத்து என்ற பழைய ஏற்பாட்டைச் சிலர் பொற்காலம் போல வர்ணிக்கிறார்கள். 1858-ல் வெள்ளைக்கார சர்க்கார் சென்னை ராஜதானியில் கட்டாய உழைப்புச் சட்டம் கொண்டுவந்தது. உடைப்பெடுத்த கரையை அடைக்க ஆட்களை இழுத்துப் போகலாம் என்றது. நிலம் உள்ளவனுக்குக் கண்மாய்த் தண்ணீர். நிலம் இல்லாதவனுக்குக் கண்மாய்ச் சேறு. அந்த மாதிரிக் குடிமராமத்து நமக்கு வேண்டாம். 2006 பிப்ரவரியில் நூறு நாள் வேலை முதல் கட்டமாகத் தொடங்கிய ஜில்லாக்களில் சிவகங்கையும் ஒன்று. அந்த வேலையில் நம் பெண்கள் எத்தனையோ கண்மாய்களையும் வரத்துக்கால்களையும் கூலி வாங்கிக்கொண்டு வெட்டினார்கள். சும்மா உட்கார்ந்து கூலி வாங்குகிறார்கள் என்று ஏளனம் பேசியவர்கள் அந்தக் கால்வாய்த் தண்ணீரில் பயிர் செய்தார்கள்! தண்ணீரைக் காக்கிற வேலை கூலிக்குரிய வேலை. அதைக் கிராம வேலைத் திட்டத்தில் முதலில் எழுத வேண்டும் என்று மே 1 கிராம சபையிலும் அக்டோபர் 2 கிராம சபையிலும் தீர்மானம் போடச் சொல்லுங்கள். வண்டல் மண் கண்மாயிலிருந்து எடுக்க விவசாயிக்கும் மண்பாண்டத் தொழிலாளிக்கும் இலவச அனுமதி உண்டு. தாசில்தாரிடம் மனுக் கொடுங்கள். வண்டல் போன வயலுக்கு உரச் செலவு குறையும். கண்மாய்க்கு ஆழம் கூடும்.

இனி உடனே செய்ய வேண்டிய காரியம். ஐப்பசி மழைக்கு முன்னால், ஒவ்வொரு கிளையும் தன் ஊர் வரத்துக்காலை ஊருணி வாயிலிருந்து தலைப்பு வரை நடந்து பார்க்க வேண்டும். அதற்கு முன் தாலுகா ஆபீசில் அந்த சர்வே நம்பருக்குப் புலப்படம் மனுப் போட்டு வாங்குங்கள். வரத்துக்கால் எத்தனை அகலம் என்று அதில் இருக்கும். ஒரு டேப் எடுத்துக் கொள்ளுங்கள். இரண்டு பேர் பிடிக்க, ஒருவர் நோட்டில் எழுதட்டும். எந்த இடத்தில் குறைகிறதோ அந்த இடத்தையும், அகலத்தையும், அங்கே நிற்பது சுவரா, படிக்கட்டா, குப்பையா என்பதையும் குறியுங்கள். நம் தோழர் வீட்டுப் படிக்கட்டாக இருந்தாலும் குறியுங்கள். அதை முதலில் எடுப்போம். நோட்டு ஐப்பசி பிறப்பதற்குள் சங்க ஆபீசுக்கு வந்து சேர வேண்டும். நடக்கப் போகிற அன்று மண்வெட்டியும் தூக்குவாளியும் கொண்டு வாருங்கள். டீயைப் பையில் கட்டி வாங்காதீர்கள்.